லடாக், ஸ்பிட்டி ட்ரிப்புக்கு எக்ஸ்ட்ரா பெட்ரோல்: பண்ணவே கூடாத தப்புகள்

மணாலில இருந்து லே போற ரோட்ல கீலாங்குக்கு கொஞ்சம் முன்னாடி தாண்டின்னு ஒரு ஊர் வரும். அங்க இருக்கற பெட்ரோல் பங்க்ல "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்"னு வச்ச போர்டு ரொம்ப ஃபேமஸ், அது முன்னாடி நின்னு போட்டோ எடுக்காத ரைடரே கிடையாது. அந்த போர்டைப் பார்த்ததும் நம்ம பசங்களுக்கு ஒரு பயம் வந்துடுது, உடனே பக்கத்து கடைல கிடைச்ச தண்ணி பாட்டில், எண்ணெய் கேன்னு எதுல வேணா பெட்ரோலை நிரப்பி வண்டில கட்டிக்கறாங்க. சென்னை, கோயமுத்தூர்ல இருந்து வருஷா வருஷம் இவ்ளோ பேர் கிளம்பிப் போறாங்க, அதனால இதை விவரமாவே எழுதிடறேன்.

முதல் தப்பு, கணக்கு போடாம தூக்கறது. லேக்கு 35 கிலோமீட்டர் முன்னாடியே காருவுல பங்க் இருக்கு, அதனால தாண்டில ஃபுல் டேங்க் அடிச்சா நீங்க ஓட்ட வேண்டியது சுமார் 330 தான். 15 லிட்டர் டேங்க், லக்கேஜோட ஏத்தத்துல லோ கியர்ல போறப்ப 25 தான் மைலேஜ் குடுக்குதுன்னு வச்சாலும் 375 கிலோமீட்டர் வருது. அந்த ரூட்டுக்கு மட்டும்னா கைல 3 லிட்டர் இருந்தாலே தைரியமா போகலாம். பாங்காங், சுஷுல், ஹன்லே, அங்கேர்ந்து 5,798 மீட்டர் உயரத்துல இருக்கற உம்லிங் லா கணவாய்னு சுத்தறவங்க கதை வேற. நடுவுல பங்க் இருந்தாலும் ஸ்டாக் இருக்குமான்னு நம்ப முடியாது, அவங்களுக்கு கண்டிப்பா எக்ஸ்ட்ரா வேணும். மணாலில இருந்து ஸ்பிட்டில இருக்கற காசாங்கற ஊருக்குப் போற ரோடும் அப்படித்தான், சுமார் 200 கிலோமீட்டர், பாதி ரோடு கல்லும் தண்ணியும், காசா போய்த்தான் பங்க்கைப் பார்க்கணும். ஓட்டப் போற தூரத்தை உங்க வண்டியோட மோசமான மைலேஜால வகுத்து, அதுக்கு மேல கால்வாசி சேர்த்துக்கோங்க, டேங்க் போக மிச்சம் எவ்ளோவோ அவ்ளோ மட்டும் எடுத்துட்டு போங்க. 20 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 15 கிலோ, சும்மா ஒரு பயத்துக்காக அதைக் கட்டிட்டு மணல்லயும் சேத்துலயும் பேலன்ஸ் பண்றது கஷ்டம்.

இனி வர்ற எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான். எரியறது பெட்ரோலோட ஆவி. மைனஸ் 40 டிகிரி குளிர்லகூட பத்திக்கற அளவுக்கு அது ஆவி விடும், அந்த ஆவி காத்தை விட 3, 4 மடங்கு கனம், அதனால மேல போகாம தரையோட தரையா தவழ்ந்து போய் பள்ளத்துல தேங்கி நிக்கும். காத்துல அது ஒன்றரை சதவீதத்துல இருந்து ஏழரை சதவீதம் வரை கலந்திருந்தா ஒரு பொறி போதும். ஊர்ல ஓரளவு தப்பிச்சுக்கற விஷயம்கூட மலை மேல கழுத்தைப் பிடிக்கறது இதனாலதான்.

தண்ணி பாட்டில், கூல்ட்ரிங்ஸ் பாட்டில், 5 லிட்டர் சமையல் எண்ணெய் கேன், இது மூணும் வேண்டவே வேண்டாம். மூடி பெட்ரோல் ஆவியைத் தாங்கற மாதிரி செஞ்சது கிடையாது, ரோடு ஆட்டத்துல தானா லூஸ் ஆகும், வெயில் பட்டா பாட்டில் உப்பும். இதுக்கெல்லாம் மேல ஒரு விஷயம், ராத்திரி டென்ட்ல தாகம் எடுத்து இருட்டுல யாராவது எடுத்து வாயில ஊத்திக்கிட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. பெட்ரோலியம் சட்டம் 1934ல, விக்கறதுக்கு இல்லாம லைசென்ஸ் இல்லாத ஒருத்தர் மொத்தமா 30 லிட்டர் வரைக்கும்தான் பெட்ரோல் வச்சுக்கலாம், அதுவும் இறுக்கமா மூடின பாத்திரத்துல, உலோகக் கேனா இருந்தா ஒண்ணு 25 லிட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு இருக்கு. நான் சொல்றது மெட்டல் ஜெர்ரி கேன்தான். 1937ல ஜெர்மன் ராணுவத்துக்காக டிசைன் பண்ணது, இன்னிக்கு வரைக்கும் பெருசா மாத்த வேண்டிய அவசியமே வரல. மேல 3 கைப்பிடி இருக்கும், காலி கேன்னா ஒரே ஆள் ஒரு கைக்கு ரெண்டு தூக்கலாம், நிறைஞ்ச கேன்னா ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு பிடியைப் பிடிச்சு தூக்கலாம். உள்ள மேல்பக்கம் ஒரு காத்து இடம் விட்டிருப்பாங்க, பெட்ரோல் விரியறதுக்கு இடம் வேணும்ல.

அந்த இடத்தையும் சேர்த்து கழுத்து வரைக்கும் அடிக்கறதுதான் அடுத்த தப்பு, "காசு குடுக்கறோம்ல, ஃபுல்லா அடிங்க பையா"ன்னு. லே போற வழில டென்ட்ல தங்கற சர்ச்சுங்கற இடத்துல காலைல எந்திரிக்கறப்ப கை விறைச்சிருக்கும், மத்தியானம் நேர் வெயில்ல அதே கேனைத் தொட்டா சுடும். 20 லிட்டர் பெட்ரோலுக்கு 25 டிகிரி சூடு ஏறினா கிட்டத்தட்ட அரை லிட்டர் விரியும். இது பத்தாதுன்னு தங்லாங் லா கணவாய் மாதிரி 5,328 மீட்டர் உயரத்துக்கு ஏறினா வெளிக்காத்தோட அழுத்தம் நம்ம கடலோர ஊர்ல இருக்கறதுல பாதியாயிடும், அப்ப கேனுக்கு உள்ள இருக்கற ஆவி வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். கேன் பக்கவாட்டுல உப்பி இருக்கறது நல்லாவே தெரியும். 20 லிட்டர் கேன்ல 19க்கு மேல போகாதீங்க.

உப்பின கேனைத் திறக்கறதுலயும் தப்பு நடக்குது. வண்டியை நிறுத்தின கையோட, இன்ஜின் இன்னும் டிக் டிக்னு ஆறிட்டு இருக்கப்பவே, பக்கத்துல ஒருத்தர் சிகரெட்டோட நிக்கறப்ப மூடியை ஒரே திருகா திருகி எடுக்கறது. பைக்ல டேங்க் இன்ஜினுக்கு நேர் மேல உக்காந்திருக்கு, ஒரு கை நழுவினா சைலன்சர் மேலதான் ஊத்தும். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு ஒரு 15 நிமிஷம் டீ குடிங்க, அந்த டீ போடற ஸ்டவ்வும் வண்டில இருந்து நல்லா தள்ளியே இருக்கட்டும். அப்புறம் கேனை தரைல வச்சு, முகத்தை ஒரு பக்கமா திருப்பிக்கிட்டு, மூடியை கொஞ்சமா லூஸ் பண்ணி ஸ்ஸ்னு சத்தம் முழுசா அடங்கற வரைக்கும் பொறுத்திருந்து திறங்க. ஒருத்தர் கேனைப் பிடிக்கணும், இன்னொருத்தர் ஃபனலை டேங்க் வாயில ஒட்டிப் பிடிக்கணும். காத்து எந்தப் பக்கத்துல இருந்து அடிக்குதுன்னு பார்த்து, அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்னுக்கோங்க.

பங்க்ல நிரப்பறப்ப கேனை வண்டி மேலயே, கார் டிக்கி கார்பெட் மேலயே வச்சு அடிக்கற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. பெட்ரோல் வேகமா ஓடறப்ப ஸ்டாட்டிக் கரண்ட் சேரும், கேன் தரைல இருந்தா அது இறங்கிடும், கார்பெட் மேல இருந்தா இறங்க வழி கிடையாது. லடாக் காத்து வறண்ட காத்து, ஸ்வெட்டர் கழட்டறப்பவே பட் பட்னு பொறி வரும், அப்ப யோசிச்சுக்கோங்க. கேனை இறக்கி தரைல வைங்க, நாசில் கேன் வாயைத் தொட்டுக்கிட்டே இருக்கட்டும், மெதுவா அடிக்கச் சொல்லுங்க.

கார்ல போறவங்க பின் சீட்ல, டிக்கில கேனை வச்சுட்டு கண்ணாடியை ஏத்திக்கறாங்க, குளிருது இல்ல. இதுல தீ பிடிக்கற ஆபத்து போக இன்னொண்ணும் இருக்கு, எனக்கு ரொம்ப கவலை தர்றது அதுதான். பெட்ரோல் வாடையை மூடின வண்டிக்குள்ள சுவாசிச்சா தலைவலி, குமட்டல், தலைசுத்தல் வரும். உயரத்துல ஆக்சிஜன் குறைஞ்சு வர்ற மலை நோய்க்கும் அதே தலைவலி, அதே குமட்டல், அதே தலைசுத்தல். பின்னாடி சுருண்டு படுத்திருக்கற ஃப்ரெண்டுக்கு எது வந்திருக்குன்னு உங்களால சொல்லவே முடியாது, உடனே கீழ இறக்க வேண்டிய ஆளை "கேன் வாடைதான் மச்சி, சரியாயிடும்"னு விட்டுடுவீங்க. கேன் வெளிய இருக்கட்டும். ராத்திரி டென்ட்டுக்குள்ளயும் வேணாம், டென்ட் வாசல்லயும் வேணாம்.

வெளியன்னா எங்க? பைக்ல லெக் கார்டுல கட்டறவங்கதான் அதிகம், பார்க்க கெத்தா இருக்கும், ஆனா வண்டி சாஞ்சா முதல்ல தரைல அடிபடறது அந்த இடம்தான், சைலன்சர் பைப்பும் ஒரு சாண் தூரத்துல இருக்கும். பின் சீட்டுக்கு ரெண்டு பக்கமும் கேரியர்ல, சைலன்சர் இருக்கற பக்கம் டிரஸ் பேகும் எதிர்ப்பக்கம் கேனும்னு வெயிட்டை சமன் பண்ணிக் கட்டுங்க. எலாஸ்டிக் கயிறு பத்தாது, கொக்கி கழண்டுடும், இழுத்து லாக் பண்ற ராச்செட் பெல்ட் வாங்கிக்கோங்க. கேனும் கேரியர் கம்பியும் உரசற இடத்துல பழைய ட்யூபை வெட்டி சொருகுங்க, நாள் பூரா அந்த ரோட்ல ஆடறப்ப கம்பி தகரத்தை அறுத்துக்கிட்டே வரும், கசிவு ஆரம்பிக்கறது அங்கதான். கார்னா மேல ரூஃப் கேரியர்ல ஒண்ணுக்கு மேல ஏத்தாதீங்க, சரிவுல வண்டி சாயும்.

புது கேன்தானேன்னு செக் பண்ணாம கிளம்பறதும் தப்புதான். கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி கொஞ்சம் பெட்ரோலை ஊத்தி மூடி, வெளில காத்தோட்டமான இடத்துல, அடுப்பு விளக்கு பக்கம் இல்லாம, நியூஸ்பேப்பர் மேல படுக்க வச்சு ஒரு ராத்திரி விடுங்க. காலைல பேப்பர்ல கறை இருந்தா மூடிக்குள்ள இருக்கற ரப்பர் வாஷர் சரியில்லைன்னு அர்த்தம். இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்கறாங்க, சாதா ரப்பர் அதுல ஊறி விரிசல் விட்டுடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால கேன்ல இருக்கறதை கடைசி வரைக்கும் பொத்திப் பொத்தி வைக்காம டேங்க்ல இடம் கிடைச்ச உடனே ஊத்திடுங்க, வெயிட்டும் குறையும்.

ஃப்ரெண்டு வண்டி டிரை ஆயிடுச்சுன்னா ட்யூபை வாயில வச்சு உறிஞ்சி எடுக்கற பழக்கத்தை தயவுசெஞ்சு விட்டுடுங்க. ஒரு மடக்கு தப்பா நுரையீரல்ல இறங்கினா நிமோனியா மாதிரி ஆயிடும், சுத்தி ஆஸ்பத்திரி இல்லாத 4,500 மீட்டர்ல அது உயிர் போற விஷயம். அப்படி யாராவது குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, வாந்தில திரும்ப நுரையீரலுக்குத்தான் போகும், நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. கையால அமுக்கற பல்ப் பம்ப் சின்ன விலைதான், டூல் கிட்ல போட்டுக்கோங்க. அதோட ஒரு கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான், கை எட்டற இடத்துல, கேனுக்குப் பக்கத்துல இல்லாம. பெட்ரோல் தீ மேல தண்ணி ஊத்தினா தீ தண்ணி மேல மிதந்து பரவத்தான் செய்யும்.

காலி கேன்னு அலட்சியமும் வேணாம். காலியான கேன்ல ஆவியும் காத்தும் கலந்து நிக்கும், நிறைஞ்ச கேனை விட சுலபமா வெடிக்கும். மிச்சம் இருக்கறதை டேங்க்லயே ஊத்திடுங்க, ஆத்துலயோ மண்ணுலயோ கொட்டாதீங்க. கேனை மூடி திறந்து நிழல்ல ஒரு நாள் முழுக்க காய விடுங்க. சண்டிகர்ல இருந்து வண்டியை ட்ரெயின் பார்சல்ல போடறவங்க டேங்க்கை முழுசா காலி பண்ணித்தான் போடணும், பெட்ரோல் வாடை அடிக்கற கேனை கோச்சுக்குள்ள கொண்டு போகவே கூடாது, ரயில்வே சட்டம் 164வது பிரிவுல ஆபத்தான சரக்கு கொண்டு போனா 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு.