நாரட்ரினலின் இருக்கிறது, சரி, செய்தது யார்?

புதிதாக ஆய்வகத்தில் சேர்ந்த மாணவி சென்ற வாரம் ஒரு வரைபடத்தைக் காட்டினார். சுண்டெலியின் கொழுப்புத் திசுவில் இருந்து பிரித்த மேக்ரோஃபேஜ் செல்களில் (கிருமிகளை விழுங்கும் நோய் எதிர்ப்பு செல்கள்) நாரட்ரினலின் என்ற, நரம்புகள் சமிக்ஞைக்காக விடும் வேதிப்பொருள், நிறைய இருந்தது. "இந்த செல்லுங்கதான் சுரக்குது மேடம்" என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படியே சொன்னேன். அதனால்தான், கொழுப்புத் திசு ஆய்வுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றி இதை எழுதுகிறேன். குழாய்க்குப் பெயர் எழுதாமல் விடுவது போன்ற சின்னத் தவறுகள் தானாகவே திருந்திவிடும்; இவை அப்படியல்ல.

இருப்பதை, அங்கே உண்டானதாக எண்ணுவது

கொழுப்பை எரிக்கச் சொல்லிப் பரிவு நரம்புகள் (நம் விருப்பமின்றித் தானாக இயங்கும் நரம்புகளில் ஒருவகை) நாரட்ரினலினை விடுகின்றன. மேக்ரோஃபேஜ்களும் நாரட்ரினலினை உண்டாக்குகின்றன என்று 2011இல் ஒரு கட்டுரை வந்தது. பலரும் நம்பினோம். நாரட்ரினலினை உண்டாக்கத் தேவையான டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதிக்குச் சாயம் ஏற்றி, செல்கள் ஒளிர்வதைப் பார்த்து நான் 8 மாதம் உழைத்தேன். பிறகு ஒருநாள் உருப்பெருக்கத்தைக் கூட்டியபோது, ஒளிர்ந்த புள்ளிகள் செல்லுக்குள் இல்லை. மேலே ஒட்டியிருந்த மெல்லிய இழையில் வரிசையாக இருந்தன. திசுவைக் கரைக்கும்போது அறுந்து ஒட்டிக்கொண்ட நரம்பு நுனி அது!

2017இல் வந்த ஆய்வுகள் கதையையே திருப்பிவிட்டன. கொழுப்புத் திசு மேக்ரோஃபேஜ்களில் அந்த நொதி இல்லை. நரம்பை ஒட்டி வாழும் சில மேக்ரோஃபேஜ்கள் நாரட்ரினலினை உறிஞ்சிச் சிதைக்கின்றன. பருத்த எலிகளில் அவை பெருகவும் செய்கின்றன. நாரட்ரினலினை உண்டாக்குகிறது என்று நம்பினால் அந்த செல்லைப் பெருக்கப் பார்ப்போம். சிதைக்கிறது என்றால் தடுக்க வேண்டும். சிகிச்சை நேர் எதிர்த் திசைக்குப் போய்விடும். இன்றும் பழைய படத்தை யாராவது காட்டினால் எனக்குக் கோபம் வருகிறது.

செல்லில் நொதியின் மரபணு இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் நரம்பைத் துண்டித்துவிட்டு நாரட்ரினலினை மறுபடி அளந்து பாருங்கள். மாணவி இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

கூண்டின் வெப்பநிலை

சுண்டெலிக்கு இதமானது சுமார் 30 டிகிரி. வழக்கமான 22 டிகிரி அதற்குக் குளிர். உடலைச் சூடாக வைக்கப் பரிவு நரம்பு ஓயாமல் வேலை செய்யும். அந்த நிலையில் கிடைத்த முடிவை மனிதருக்குப் பொருத்துமுன் யோசியுங்கள்.

நிணநீர் கணு

நோய் எதிர்ப்பு செல்கள் நிறைந்த இந்தக் கணு கவட்டுக் கொழுப்பில் புதைந்திருக்கும். அதை எடுத்துவிட்டுக் கொழுப்பிலுள்ள செல்களை எண்ணுங்கள்.

மூளையைக் கடைசியில் பார்ப்பது

கொழுப்பு மிகுந்த தீனி தொடங்கிய 3 நாட்களுக்குள், எடை கூடும் முன்பே, பசியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸில் அழற்சி தெரிகிறது. முதல் வாரத்துக்கென்று சில எலிகளை ஒதுக்கி வையுங்கள்.