ஸ்பேனரை எடுக்கும் முன்: மலையில் கார் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஆயில் மாற்ற ஒர்க்‌ஷாப்பில் இவ்வளவு கேட்கிறார்கள், யூடியூபைப் பார்த்தால் அரை மணி நேர வேலையாகத் தெரிகிறது, நாமே செய்தால் என்ன? ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் கார் வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் எதை நாமே செய்வது, எதை மெக்கானிக்கிடம் விடுவது என்பதை வேலை சுலபமா கஷ்டமா என்று பார்த்து முடிவு செய்கிறார்கள் பாருங்கள், முதல் தவறு அங்கேதான். சில கார்களில் ஹெட்லைட் பல்பு மாற்றுவதைவிட பிரேக் பேடு மாற்றுவது சுலபம். பல்பு சரியாக உட்காராவிட்டால் வெளிச்சம் வராது, இன்னொரு முறை கழற்றி மாட்டிக்கொள்ளலாம். பேடு சரியாக உட்காராதது தெரியவருவது மேட்டுப்பாளையம் இறக்கத்தில்.

அதனால் வேலையைத் தொடும் முன், இதில் தப்பு நடந்தால் அது எங்கே தெரியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும் என்றால் தாராளமாகச் செய்யலாம். வைப்பர் பிளேடு, ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர், ஃபியூஸ், பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சுத்தம் செய்வது, டயர் காற்று, கூலண்ட் அளவு பார்ப்பது எல்லாம் இந்த வகை. இதற்குக்கூட ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுவது காசுக்கும் நேரத்துக்கும் கேடு. பேட்டரியில் மட்டும் ஒரு ஒழுங்கு உண்டு: கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

பிரேக் சமாச்சாரம்

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையம் முந்நூறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஐம்பது சொச்சம் கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்குகிறோம். சமவெளியில் ஓடும் காருக்கு எழுதிய அட்டவணையை இங்கே அப்படியே நம்பக் கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும் குணம் உடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதே ஆயிலுக்குச் சொல்லப்படும் வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, 155. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கும் அதை இறுக்கிப் பிடிக்கும் பேடும் கொதிக்கக் கொதிக்கச் சூடாகி, அந்தச் சூடு பேடை அழுத்தும் கேலிப்பருக்குள் இருக்கும் ஆயிலுக்கும் ஏறும். பழைய ஆயிலாக இருந்தால் அது கொதித்து ஆவிக் குமிழ் விடும். ஆயிலை அமுக்க முடியாது, குமிழை அமுக்க முடியும். பெடலை மிதித்தால் கால் பஞ்சில் போவதுபோல் கீழே போகும், வண்டி நிற்காது.

அப்புறம் நடப்பதுதான் இன்னும் மோசம். எப்படியோ ஓரங்கட்டி அரை மணி நேரம் நிறுத்தினால் ஆயில் ஆறி, குமிழ் அடங்கி, பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். "சூடாயிடுச்சு, இப்ப சரியாயிடுச்சு" என்று கிளம்பிவிடுவார்கள். எதுவும் சரியாகவில்லை. ஈரம் ஏறிய ஆயில் உள்ளேதான் இருக்கிறது, அடுத்த இறக்கத்தில் மறுபடி கொதிக்கும். அன்றைக்கே ஆயிலை முழுக்க மாற்றச் சொல்ல வேண்டும். சாதாரணமாகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பாதி வருடம் மழையும் மூட்டமுமாக இருக்கும் நம் ஊரில் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இங்கே வீட்டில் செய்யும் தவறு, பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்தால் ஷெட்டில் கிடக்கும் பழைய பாட்டிலைத் திறந்து ஊற்றுவது. மூடி திறந்து மாதக்கணக்கில் கிடந்த பாட்டில் ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். அதைவிட முக்கியம், அளவு ஏன் குறைந்தது? பேடு தேயத் தேய, கேலிப்பருக்குள் இருந்து அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், ஆயில் அந்த இடத்தை நிரப்பப் போகும். அளவு மெல்ல இறங்குவது பேடு தேய்ந்ததற்கு அடையாளம். ஊற்றி நிரப்பினால் அந்த அடையாளத்தை நீங்களே அழிக்கிறீர்கள். திடீரென்று குறைந்தால் எங்கோ கசிகிறது, அப்போது வண்டியை எடுக்கவே கூடாது.

பேடை நாமே மாற்றுவதா என்று கேட்டால், கைவேலை பழகியவர்கள் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புதுப் பேடு தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் மாட்டுவோம். மாட்டி முடித்தபின் பிஸ்டனுக்கும் பேடுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும், பிரேக் பிடிக்காது. நாலைந்து முறை மிதித்து, பெடல் கெட்டியானபின்தான் கியர் போட வேண்டும். சமவெளியில் இதை மறந்தால் காம்பவுண்டு சுவரில் இடிபடும். ஷெட்டிலிருந்து ரிவர்ஸ் எடுத்தால் நேராகச் சரிவான ரோட்டில் போய் நிற்கும் வீடுகள்தான் இங்கே பாதி.

பிரேக் லைனில் காற்று எடுப்பது, பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் யூனிட்டைத் தொடுவது, பின் டிரம்மைக் கழற்றி ஷூ மாற்றுவது, கிளட்ச், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், டைமிங் பெல்ட்: மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். ஏர்பேக் இருக்கும் ஸ்டியரிங் பக்கம் ஹாரன் வேலைக்குக்கூட ஸ்பேனரோடு போகாதீர்கள். ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு நிற ஒயர் கண்ணில் பட்டால் பானட்டை மூடிவிடுவது உத்தமம்.

ஜாக்கி வைக்க இடம் எங்கே?

வீட்டு முன்னால் சமதளமே கிடையாது என்பதுதான் மலையில் பெரிய தொல்லை. கொஞ்சம் சரிவுதானே, கியரில் போட்டிருக்கிறேனே என்று ஜாக்கி ஏற்றுவார்கள். முன்சக்கர இழுவை காரில் ஒரு முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கியர் எதையும் பிடித்து நிறுத்தாது. இரண்டு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், தூக்கிய சக்கரத்தைச் சுற்றவிட்டு, தரையிலிருக்கும் சக்கரத்தை உருளவிடும். மீதி ஹேண்ட்பிரேக்தான். அதன் கேபிள் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு நல்ல கல் அல்லது மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஆக்சில் ஸ்டாண்டு இல்லையா, அடியில் வேலை இல்லை. மழையில் ஊறிய மண்ணில் ஜாக்கி புதைந்து சாயும், அடியில் அகலமான பலகை வேண்டும்.

வீல் நட்டைக் காலால் மிதித்து இறுக்குவது இன்னொரு வழக்கம். அதிகம் இறுகினால் போல்ட் நீண்டு பலவீனமாகும், நடுரோட்டில் பஞ்சரானால் கழற்றவும் வராது. எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் நியூட்டன் மீட்டரில் போட்டிருக்கும். அதைப் பார்த்து, இறுக்கத்தை அளந்து சொல்லும் டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும். அந்தக் கருவியின் விலை, ஆக்சில் ஸ்டாண்டு விலை, ஃபில்டர் கழற்றும் பட்டை எல்லாம் கூட்டிப் பார்த்தால், வருடத்துக்கு ஒரு ஆயில் சேஞ்சில் மிச்சம் பிடிக்கும் கூலி முதல் சில வருடங்களுக்குக் கைக்கு வராது. பிடித்துச் செய்பவர்களுக்குச் சரி. பணம் மிச்சம் என்று மட்டும் இறங்குபவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

ஆயில் மாற்றினால், ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் வாஷரையும் சேர்த்து மாற்றுங்கள். பல கார்களில் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் அலுமினியம். போல்ட்டை வெறி பிடித்ததுபோல் இறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் ஆயில் சேஞ்ச் செலவு சம்ப் மாற்றும் செலவாகும். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பார்ப்பதும் சமதளத்தில்தான். வீட்டருகே இடம் இல்லையென்றால் பெட்ரோல் பங்க் தளம்தான் ஊரிலேயே ஓரளவு சமமான இடம்.

சூடும் குளிரும்

தண்ணீர் ஊட்டி உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் மூடியின் அழுத்தம் இருப்பதால் கூலண்ட் அதற்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது. மலையேறி வந்த சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், அந்தக் கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். பர்லியாறில் டீக்கு நிறுத்திய இடத்தில் இதைச் செய்பவர்களை இன்றும் பார்க்கலாம். நன்றாக ஆறட்டும். குழாய்த் தண்ணீரையோ ஓடைத் தண்ணீரையோ ஊற்றி ஓட்டுவது அவசரத்துக்கு மட்டும். ஊர் வந்ததும் வடித்துவிட்டு சரியான கூலண்ட் கலவையை ஊற்ற வேண்டும், இல்லையென்றால் உள்ளே துரு பிடிக்கும்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி படிந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றுவார்கள். சின்னக் கீறல் இருந்தாலும் குறுக்கே விரிசல் ஓடும். பத்து நிமிடம் முன்னால் எழுந்து ஹீட்டர் போடுங்கள்.

மலைக்குப் போனால் டயர் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது நாட்டு வைத்தியம் மாதிரி எல்லோரும் சொல்வது. உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் எண் ஏறும், குளிரால் எண் இறங்கும். மேட்டுப்பாளையம் வெயிலில் 32 காட்டிய டயர் ஊட்டிக் குளிரில் ஏறத்தாழ அதே 32-ஐச் சுற்றியே காட்டும். குறைக்க வேண்டியதில்லை. இறங்கி வந்தவுடன் சூட்டில் எண் கூடித் தெரியும்போது காற்றை இறக்கிவிடுவதுதான் தவறு.

மழைக்கு முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள இடுக்கைப் பாருங்கள். கற்பூர மரத்து இலையும் சில்வர் ஓக் சருகும் அங்கேதான் மக்கி, தண்ணீர் வடியும் துளையை அடைக்கும். பிறகு காருக்குள் கால்மிதியடி ஏன் ஈரமாகிறது என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருப்போம். அப்படியே ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்துவிடுங்கள், எலி கூடு கட்டியிருக்கலாம்.

மெக்கானிக்கிடம் செய்யும் தவறுகள்

"அண்ணே, எல்லாத்தையும் பாத்துடுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருவதைப்போல் மோசமான உத்தரவு கிடையாது. எது எதைப் பார்ப்பார்? எப்போது சத்தம் வருகிறது, காலையில் குளிரிலா, சூடானபின்னா, இடது வளைவிலா, பிரேக் மிதித்தால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்லுங்கள். முடிந்தால் அவரையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இறக்கம் போய்வாருங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிக்க மாட்டார், பெரும்பாலும் கேட்காமலே எடுத்து வைத்திருப்பார்.

ஏப்ரல், மே சீசனில் கிளட்ச் கருகிய வெளியூர் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது நம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவதும் புத்திசாலித்தனம் இல்லை. பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். ஆன்லைனில் மலிவாகப் பேடு வாங்கிக்கொண்டுபோய் மாட்டச் சொன்னால், அது தேய்ந்தாலும் கீச்சிட்டாலும் அவர் பொறுப்பேற்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வாரண்டி முடியாத கார் என்றால் நீங்களே செய்த வேலைக்கு ஆயில், ஃபில்டர் பில்லையும், அன்றைய கிலோமீட்டரையும் தேதியையும் எழுதி வையுங்கள். அதற்கும் முன்னால், வெளியில் செய்தால் வாரண்டி நிற்குமா என்று புத்தகத்தில் படித்துவிடுங்கள். வடித்த பழைய ஆயிலை வேலியோரம் ஊற்றாதீர்கள். குன்னூர், கோத்தகிரி ஓடைகள் போய்ச் சேருவது பவானியில். கேனில் பிடித்து மூடி, நீங்கள் வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் அவர்கள் தங்கள் பீப்பாயில் சேர்த்துக்கொள்வார்கள்.