நம் ஊர் ஜெனரலின் வாழ்க்கையை மலருக்கு எழுதும் முறை

டெல்டா மாவட்டங்களில் பள்ளி ஆண்டு மலருக்கோ குடமுழுக்கு மலருக்கோ ஊரில் பிறந்த ராணுவ ஜெனரலைப் பற்றி எழுதுவோர், பிறப்பில் தொடங்கிப் பதவிகளை அடுக்கிப் பாராட்டில் முடித்துவிடுகிறார்கள். அவர் என்னதான் செய்தார் என்பது தெரியாமலே போகிறது. சீருடையில் அவர் இருக்கும் படம் ஒன்றை வீட்டாரிடம் கேட்டு வாங்கி, இடப்பக்க மார்பில் பதக்கங்களைக் குறிக்கும் ரிப்பன் வரிசையிலிருந்து தொடங்குங்கள்.

மேல்வரிசையில் மார்பின் நடுவை ஒட்டி இருப்பதே மூத்த விருது. மூத்தது என்பதாலேயே அதை வீரவிருது என்று எழுதிவிடக் கூடாது. பரம் விசிஷ்ட சேவா பதக்கம் மகாவீர் சக்கரத்துக்கும் முன்னால் அணியப்பட்டாலும் சிறப்பான பணிக்கு உரியது. மகாவீர் சக்கரமோ எதிரியின் முன் காட்டிய வீரத்துக்கு உரியது. மஞ்சள் ரிப்பனில் கருநீலக் கோடு ஒன்று இருந்தால் பரம் விசிஷ்ட, இரண்டு இருந்தால் அதி விசிஷ்ட, மூன்று இருந்தால் விசிஷ்ட சேவா பதக்கம். கறுப்பு வெள்ளைப் படத்திலும் கோடுகளை எண்ணிவிடலாம். சேனா பதக்கம் வீரத்துக்கும் பணிக்கும் வழங்கப்படுவதால், இந்திய அரசிதழின் அறிவிப்பைப் பார்த்த பிறகே அதைப் பற்றி எழுதுங்கள்.

பிரிகேடியர் பிரிகேடு என்னும் படைப்பிரிவுக்கும், மேஜர் ஜெனரல் பல பிரிகேடுகள் கொண்ட டிவிஷனுக்கும், லெப்டினன்ட் ஜெனரல் பல டிவிஷன்கள் கொண்ட கோருக்கும் தலைமை தாங்குவர் என்று ஒரு வரியில் விளக்கினால் போதும்.

அவர் போருக்குப் போனதும் விடுமுறையில் வந்ததும் எந்த ஆண்டு என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்ல மாட்டார்கள். "சம்பா கதிர் வாங்குற நேரத்துல தந்தி வந்துச்சு" என்பார்கள். 1971 போர் டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்தது என்பதோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்ட 1977 நவம்பர்ப் புயலுக்கு முன்பா, பின்பா என்று கேட்டாலும் பல விடுமுறைகளின் ஆண்டு பிடிபடும்.

விரித்து எழுத வேண்டியது அவர் இளம் அதிகாரியாக இருந்த காலத்தைத்தான். 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், டி.எஸ்.ஓ. என்னும் பிரிட்டிஷ் ராணுவ விருதைப் பெற்றது 1942இல் வட ஆப்பிரிக்கப் போர்க்களத்தில் காட்டிய வீரத்துக்காக. அத்தகைய நாட்களைப் பற்றிக் குடும்பத்தாரைவிட, உங்கள் ஊர் ஜெனரலுக்குக் கீழே பணியாற்றிய சுபேதார்களும் ஹவில்தார்களுமே தெளிவாகச் சொல்வார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்து, அப்படி ஒருவரையாவது நேரில் கண்டு, அவர் சொன்னதை எழுதியபின் அவருக்கே படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.