தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா? முதலில் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள்

யாருக்காவது தலை சுற்றி, கண் மங்கினால் நம் வீடுகளில் உடனே "பித்தம்தான்" என்று எலுமிச்சை ஜூஸை நீட்டிவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள். முதலில் உட்கார வையுங்கள், அல்லது படுக்க வையுங்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு பக்கக் கை கால் தளர்கிறதா, பேச்சு குழறுகிறதா, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறதா, நிற்கவே முடியாமல் சாய்கிறார்களா என்று பாருங்கள். இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம், 108ஐக் கூப்பிடுங்கள். வாயில் எதுவும் கொடுக்காமல், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

அது இல்லையென்றால், சுகர் உள்ளவரா? வேர்த்து, கை நடுங்கி, கண் மங்கினால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், நினைவோடு விழுங்க முடிகிற நிலையில், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பிஸ்கட் மெதுவாகத்தான் வேலை செய்யும். சுகர் ரொம்ப ஏறினாலும் பார்வை மங்கும், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் உப்பிவிடுவதால். அந்த நேரத்தில் போய்ப் புதுக் கண்ணாடி போட்டால் காசுதான் வீண், சுகர் இறங்கியதும் பவர் மாறிவிடும்.

எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டுகிறது என்றால் அது வேறு கதை. ஐந்து நிமிடம் படுத்துவிட்டு பிரஷர் பாருங்கள், எழுந்து நின்று ஒன்றாவது, மூன்றாவது நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வெயிலில் நீர் வற்றியிருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், பிரஷர் மாத்திரையோ ப்ராஸ்டேட் மாத்திரையோ காரணமாக இருக்கலாம். அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

படுக்கையில் புரளும்போது அறையே ராட்டினம் மாதிரி சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறதா? பெரும்பாலும் உள்காதில் இருக்கும் சின்னத் துகள்கள் இடம் மாறியதுதான். மாத்திரையை விட, காது மூக்கு தொண்டை டாக்டர் தலையைத் திருப்பித் திருப்பிச் செய்யும் பயிற்சிதான் இதற்குக் கேட்கும்.

அப்புறம், கண் சிவந்து, கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் அன்றைக்கே கண் ஆஸ்பத்திரி. காலை வரை தள்ளிப்போடாதீர்கள்.