பழைய ஸ்டோரில் சக்கரத்தைத் தேடாதீர்கள்

இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களின் பழைய ஸ்டோர்களை, அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளை, பார்க்கப் போகிறவர்களும் அவற்றைப் பற்றி எழுத நினைக்கிறவர்களும் பெரும்பாலும் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியவன்தான். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தண்ணீரால் ஓடிய ஸ்டோர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பெரிய மரச்சக்கரம் ஒன்றை எதிர்பார்த்துப் போய், அரைநாள் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் ஸ்டோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சிரித்தார். "சக்கரத்த இங்க தேடுறீங்களே தம்பி, மேல போற கான புடிச்சு நடங்க." கான் என்றால் வாய்க்கால்.

படங்களில் வரும் ஐரோப்பிய மாவு ஆலையை மனதில் வைத்துக்கொண்டு போனதுதான் என் தவறு. நம் வீடுகளில் நெல் குத்தியது உரலும் உலக்கையும். இங்கே தண்ணீர்ச் சக்கரத்துக்கு வேலை கொடுத்தது கோப்பித் தோட்டம். கோப்பிப் பழத்தின் சதையை உரிக்கும் இயந்திரத்தை அது சுழற்றியது. உரித்த கொட்டையை ஊறவைத்துக் கழுவவும் அதே தண்ணீர்தான். காயவைத்த கொட்டையைச் சேர்த்து வைத்த இடம் ஸ்டோர். 1869இல் இலைத்துரு நோய் தென்பட்டது, அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி படுத்துவிட்டது, தேயிலை வந்தது. பெயர் மட்டும் போகவில்லை. வாசலில் ஃபெக்டரி என்று பலகை மாட்டினாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அது ஸ்டோர்தான். ஆகவே ஓடையோரம் கல்தொட்டிகள் கண்ணில் பட்டால், தேயிலைக்கு முந்தியவையா என்று ஒருமுறை யோசியுங்கள்.

அடுத்த தவறு, சக்கரத்தின் பருமனை வைத்து வலுவை எடைபோடுவது. மேலிருந்து தண்ணீர் விழும் முப்பதடிச் சக்கரத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய முப்பதடி வீழ்ச்சிதான். மலையோ இருநூறு அடி தரத் தயாராக இருக்கிறது. அந்த உயரத்தை முழுதாகப் பயன்படுத்த ஏற்றது பெல்டன் சக்கரம். அமெரிக்காவில் 1880இல் காப்புரிமை பெற்றது. இங்கே கோப்பி விழுந்து தேயிலை எழுந்துகொண்டிருந்த நேரம். ஓடையை மேலே தடுத்து, சரிவோரமாக வாய்க்கால் வெட்டி, தொட்டியில் தேக்கி, இரும்புக் குழாய் வழியாக நேரே கீழே இறக்கினால், குழாய் முனையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் சக்கரத்தின் கிண்ணங்களில் அறையும். வினாடிக்கு 50 லீற்றர் தண்ணீர், 60 மீற்றர் உயரம் என்றால் கணக்குப்படி 29 கிலோவாட் சொச்சம். உராய்விலும் மற்றதிலும் போனது போக 20 கையில் நிற்கும். இதைத் தருகிற சக்கரம் இரும்புக் கூட்டுக்குள் அடங்கிக் கிடக்கும், உயரம் உங்கள் இடுப்பளவுகூட வராமல் போகலாம். நான் அதன் மேல்தான் பையை வைத்துவிட்டுச் சக்கரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்!

சரி, தண்ணீர் மட்டுமே ஸ்டோரை ஓட்டியது என்று எழுதலாமா? அதுவும் அவசரம். மேற்குச் சரிவில் தேயிலைக்கு நல்ல மணம் ஏறுவது தை, மாசியின் வறண்ட குளிரில். கிழக்குப் பக்கத்து ஊவாவில் ஆடிக் காற்றுக் காலத்தில். இரண்டுமே ஓடை மெலிந்துவிடும் பருவம். நல்ல விலைக்குப் போகும் தேயிலை வருகிற வேளையில் தண்ணீர் கைவிடும். அதனால்தான் எண்ணெய் எஞ்சினுக்கு ஓர் அறை தேவைப்பட்டது. சுவரில் எண்ணெய் படிந்த ஓட்டைகளும் உத்தரத்தில் கப்பிகள் தொங்கிய இரும்புப் பிடிகளும் இருந்தால் தொட்டுப் பாருங்கள். ஷாஃப்ட் என்ற நீண்ட சுழல்தண்டு ஒன்று அங்கே ஓடியிருக்கும்; இலையை உருட்டும் ரோலருக்கும் சல்லடைக்கும் தோல் பெல்ட் வழியாக வலு போனது அதிலிருந்துதான்.

ஆண்டு போடுவதில் நடக்கும் கூத்து தனி. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலைப் பயிரின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்பதற்காக எல்லா ஸ்டோருக்கும் அந்த வயதைக் கொடுத்துவிடுகிறார்கள். அவருடைய முதல் இலையே பங்களா விறாந்தை மேசையில் கையால் உருட்டப்பட்டது. இயந்திரத் தகட்டில் இருக்கும் ஆண்டையும் நம்பிவிட வேண்டாம். இங்கிலாந்தின் மார்ஷல் ரோலரோ பெல்ஃபாஸ்ட்டின் சிரோக்கோ உலர்த்தியோ இடம் மாறக்கூடிய பொருள், சுவர் மாறாது. கண்டி ஹந்தானையில் இருக்கும் தேயிலை நூதனசாலையையே எடுங்கள். கட்டடம் 1925இல் கட்டிய ஸ்டோர். உள்ளே இருப்பவை பல தோட்டங்களிலிருந்து வந்தவை.

மேல்மாடிகளின் ஜன்னல் வரிசையை அழகுக்கு வைத்தது என்று எழுதியவரையும் படித்திருக்கிறேன். அது கொழுந்து வாடும் இடம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பரப்பி வைத்த கொழுந்தின் ஈரம் வெளியேறக் காற்றுப் போக்கு வேண்டும். பாரமான ரோலர் கீழே, லேசான கொழுந்து மேலே. வாடியது கீழே தானாக இறங்கும்.

திருத்துகிறேன் என்று சிமெந்து பூசுவதை மட்டும் செய்யாதீர்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல்சுவர் மூச்சு விடும். சிமெந்து சுவரின் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், மலைநாட்டு மழைக்குச் சுவர் உள்ளிருந்து உதிரும்.

அப்புறம், "துரை கட்டினார்" என்ற வாக்கியம். தோட்ட நிர்வாகியான துரை உத்தரவு போட்டார். குழாய்த் துண்டுகளை இந்தச் சரிவில் ஏற்றியவர்கள் யார் என்று லயத்துப் பெரியவர்களைக் கேட்காமல் எழுதினால் பாதி வரலாறு போய்விடும். பழைய கானைத் துப்புரவாக்கக் கிளம்புமுன்னும் அவர்களைத்தான் கேட்க வேண்டும். எனக்கு வழி சொன்ன பெரியவரோடு மேலே ஏறியபோது, நூறு ஆண்டு வாய்க்கால் என்று நான் படமெடுத்த தண்ணீர் அப்படியே லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள் குடம் பிடித்தார்கள். இரும்புக் குழாய் எங்கே என்று கேட்டேன். திரும்பி வரும் வழியில் காலால் தட்டிக் காட்டினார். லயத்துக்கு முன்னால் கானைக் கடக்கப் பாலமாகக் கிடந்தது அதன் ஒரு துண்டு.