ஸ்டூடியோ போர்ட்ரெய்ட்டுக்கு ரேஞ்ச்ஃபைண்டரா, மிரர்லெஸ்ஸா? பலரும் சறுக்கும் இடங்கள்

குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. மேலே திமில் இல்லாமல் தட்டையாக, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் மூலையில் இருந்தால் அதை ரேஞ்ச்ஃபைண்டர் என்று சொல்லிவிடுகிறோம். ஃபூஜி எக்ஸ்-ப்ரோ, சோனி ஏ7சி எல்லாம் பார்வைக்கு மட்டும்தான் அப்படி, உள்ளே மிரர்லெஸ்தான், அதாவது சென்சாரில் விழுவதை மின்திரையில் காட்டும் வகை. உண்மையான ரேஞ்ச்ஃபைண்டரில் நடுவே ஒரு சிறு கட்டத்தில் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ். 1954-ல் வந்த லைக்கா எம்3 முதல் எம்11 வரை இதே வழிதான்.

அடுத்த தவறு, தெருவில் அசத்துகிற கேமரா ஸ்டூடியோவிலும் அசத்தும் என்று நம்புவது. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள் பெரும்பாலும் 70 செ.மீ.க்குக் கிட்டே வராது, 90 மி.மீ. லென்ஸ் பலவற்றுக்கு 1 மீட்டர் வேண்டும். தலையும் தோளும் எடுக்க அது போதும். மேக்கப் படத்துக்குக் கண்ணையும் உதட்டையும் மட்டும் நிரப்ப வேண்டுமென்றால் முடியாது. போதாததற்கு, படத்தில் எதுவரை விழும் என்று காட்டும் 90 மி.மீ.க்கான கோடுகள் வ்யூஃபைண்டருக்குள் தபால்தலை அளவில்தான் தெரியும்.

ஃபோகஸ் கட்டம் நடுவில் மட்டுமே இருப்பதில் இன்னொரு வம்பு. கண்ணில் ஃபோகஸ் வைத்து, பிறகு கேமராவைச் சாய்த்து முகத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவருகிறோம். 50 மி.மீ. லென்ஸில், 1 மீட்டர் தூரத்தில் 12 டிகிரி சாய்த்தாலே ஃபோகஸ் 2 செ.மீ. பின்னால் போய்விடும். லென்ஸின் துளை அகலமாகத் திறந்திருக்கும் எஃப் 1.4-ல் கண் மங்கி, காதோர முடி பளிச்சென்று நிற்கும். துளை சிறிதாகி, கூர்மையாகத் தெரியும் ஆழம் கூடும் எஃப் 8-ல் இது பிரச்சினையே இல்லை. ஸ்டூடியோவில் நாம் பெரும்பாலும் எஃப் 8 பக்கம்தானே இருக்கிறோம்? அப்புறம் எதற்கு எஃப் 1.4 லென்ஸுக்குக் கடன் வாங்குகிறோமோ, தெரியவில்லை.

மிரர்லெஸ் வாங்கியவர்களிடமிருந்து எனக்கு வரும் முதல் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “அண்ணா, புது பாடி ஃபால்ட் போல, உள்ளே ஒரே இருட்டு.” ஃபால்ட் இல்லை. ஷட்டர் 1/160 நொடி, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100 என்று வைத்தால், அறை வெளிச்சத்தில் படம் எப்படி வருமோ அதைத்தான் கேமரா காட்டும். ஃபிளாஷ் அடிக்கப்போவது அதற்குத் தெரியாது. இப்படிக் காட்டும் வசதிக்கு கேனானில் எக்ஸ்போஷர் சிமுலேஷன், சோனியில் செட்டிங் எஃபெக்ட் என்று பெயர். அதை அணைத்தால் சரி. சைலன்ட் ஷட்டரையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் பல பாடிகளில் ஃபிளாஷ் அடிக்காது, அடித்தாலும் படத்தில் பட்டை விழும்.

சிங்க் வேகத்தை, அதாவது ஃபிளாஷோடு சேர்த்து வைக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகத்தை, ஒப்பிட்டு மண்டையை உடைப்பதும் வீண். எம்11-ல் 1/180, மிரர்லெஸ் பலவற்றில் 1/200 அல்லது 1/250. இருட்டடித்த அறையில் அசைவை நிறுத்துவது ஃபிளாஷ்தான், 1/125 தாராளம். அதைவிட, லேப்டாப்போடு கேபிளில் இணைக்க முடியுமா என்று பாருங்கள். எம்10-ல் யு.எஸ்.பி. துளையே கிடையாது, எம்11-ல் உண்டு. வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று படத்தைப் பார்க்கிற வேலையென்றால் இது பெரிய விஷயம்.

மாதச் சம்பளம் மாதிரி ஸ்டூடியோ வேலை பார்ப்பவர் மிரர்லெஸ் வாங்குவதே என் கணக்கில் சரி. கண்ணைத் தானே பிடித்துக்கொள்ளும் ஃபோகஸ் ஒன்றே போதும். ஆனால் ரேஞ்ச்ஃபைண்டரைப் பழம்பொருள் என்று ஒதுக்குவதும் தவறுதான். அதில் க்ளிக் செய்யும் நொடியில் வ்யூஃபைண்டர் இருண்டுபோகாது. ஃபிளாஷ் முகத்தில் விழுவதை நேராகப் பார்க்கலாம். கண் மூடிவிட்டதா என்று அங்கேயே தெரிந்துவிடும். திரையைப் பார்க்காமலே “இன்னொன்று” என்று சொல்லிவிடலாம்.