பட்டை மங்கினால் புரதம் சிதைந்தது என்று எழுதிவிடாதீர்கள்

ஈஸ்ட்டில் ஒரு புரதம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: சைக்ளோஹெக்ஸிமைடு என்ற மருந்தை ஊற்றிப் புதுப் புரத உற்பத்தியை நிறுத்து, குறித்த நேரங்களில் மாதிரி எடு, வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, வேண்டியதைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பட்டை மங்குகிறதா பார். எளிய சோதனை, அதனாலேயே ஆளாளுக்கு இதில் வழுக்குகிறோம்.

முதல் தவறு, அந்த மருந்து நம் புரதத்தை மட்டும் நிறுத்தவில்லை என்பதை மறப்பது. சிதைக்க வேண்டியவற்றில் ஒட்டப்படும் யுபிக்விட்டினும் ஒரு புரதம்தானே, அதன் உற்பத்தியும் நின்றுபோய் இருப்பு கரைகிறது. செல்லுக்குக் கூடுதல் யுபிக்விட்டின் கொடுத்தால் மருந்தையே நன்றாகத் தாங்குகிறது என்று 2003இல் காட்டினார்கள். ஆகவே மருந்து ஊற்றி இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த மாதிரியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. சரி, சீக்கிரம் எடுத்தால் போதுமா? ஆல்ஃபா2 போன்ற வேகமாகச் சிதையும் புரதத்தின் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் நேரம்) ஐந்து நிமிடம்தான், முதல் மாதிரியைப் பதினைந்தாவது நிமிடத்தில் எடுத்தால் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். உறுதியான புரதங்களுக்கோ இந்த முறையே சரிப்படாது. 2006இல் இப்படி ஆயிரக்கணக்கான புரதங்களை அளந்து இடைநிலை அரை ஆயுள் 43 நிமிடம் என்றார்கள். 2014இல் வளரும் செல்களில் மருந்தில்லாமல் அளந்தபோது பெரும்பாலானவை அதைவிட வெகுநேரம் நிற்பதும், செல் பிரியும்போது ஏற்படும் பங்கீட்டால்தான் அவற்றின் அளவு பெரிதும் குறைவதும் தெரிந்தது.

அப்புறம் எம்ஜி132, அதாவது யுபிக்விட்டின் ஒட்டிய புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியாசோம் என்ற செல் இயந்திரத்தைத் தடுக்கும் மருந்து. சாதாரண ஈஸ்ட்டில் இதைப் போட்டுவிட்டு 'பட்டை மாறவில்லை, புரோட்டியாசோம் வேலை இல்லை' என்று நானே ஒருமுறை முடிவு கட்டி மூன்று வாரத்தைத் தொலைத்தேன். பிடிஆர்5 என்ற பம்ப் உள்ளே போகும் மருந்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அந்த மரபணுவை நீக்கிய ஈஸ்ட் வேண்டும்.

யுபிக்விட்டின் ஒட்டினாலே புரோட்டியாசோம் என்பதும் தப்பு. செல் சவ்விலுள்ள பல புரதங்கள் ஆர்எஸ்பி5 என்ற நொதி ஒட்டிய யுபிக்விட்டினோடு, ஈஸ்ட்டின் செரிமானப் பையான வாக்யூலுக்குத்தான் போகின்றன, வாக்யூலின் சிதைப்பு நொதிகளுக்கு வேண்டிய பெப்4 மரபணுவை நீக்கிய ஈஸ்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்துக்குப் பதிலாக, புரத உற்பத்தியை நிறுத்த கால் (GAL) புரோமோட்டர் என்ற மரபணு சுவிட்சைக் குளுக்கோஸ் போட்டு அணைப்பவர்களுக்கும் இதே பொறிதான்: அந்தக் குளுக்கோஸே கால்2 (Gal2) என்ற சவ்வுப் புரதத்தை வாக்யூலுக்கு அனுப்பிவிடும்!

புரதத்தை அடையாளம் காண ஒட்டும் டேக்கை எந்த முனையில் வைக்கிறோம் என்பதிலும் கவனம் தேவை, முன் முனையில் வைத்தால் புரதத்தின் தொடக்கமே மாறிவிடும். 1986இல் வெளியான சோதனையில், பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற நொதியின் முதல் அமினோ அமிலம் மெத்தியோனினாக இருந்தபோது அரை ஆயுள் 20 மணி நேரத்துக்கு மேல், அதை ஆர்ஜினினாக மாற்றியபோது சுமார் 2 நிமிடம்.

கடைசியாக, சவ்வுப் புரதங்களைக் கொதிக்க வைக்காதீர்கள். அவை திரண்டு ஜெல்லின் மேல் விளிம்பிலேயே சிக்கிக்கொள்ளும், நீங்கள் கீழே பட்டையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.